நாளைக் காலை டெலிவரி என்று ராத்திரியில் கூப்பிடும் ஷோரூம்காரர்களுக்கு

நெல்லை வட்டாரத்துப் புது கார் ஷோரூம் முதலாளிமார்களுக்கும் மேனேஜர்மார்களுக்கும் வணக்கம்.

பேட்டைப் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்து 26 வருஷமாகக் காருக்குப் பெயின்ட் அடிக்கிறேன். உங்களில் சிலரிடம் என் போன் நம்பர் இருக்கிறது. பெரும்பாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கூப்பிடுவீர்கள். "அண்ணாச்சி, காலைல டெலிவரி. இடது பின்கதவுல லேசா ஒரு கீறல். எப்படியாவது முடிச்சுத் தந்திருங்க."

கீறல் விழுந்ததற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. சென்னைப் பக்கத்து ஆலையிலிருந்து டிரெய்லரில் 600 கிலோமீட்டர் போல வருகிற வண்டி. ஏற்றும்போது, இறக்கும்போது, ஸ்டாக்யார்டில் நெருக்கி நிறுத்தும்போது, வேலியோரத்துக் கருவை முள் உரசும்போது எங்கேயாவது படத்தான் செய்யும். என் வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

போன ஆவணியில் களக்காட்டு வாழைத்தார் வியாபாரி ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வெள்ளி நிற மெட்டாலிக் கார். அவர் குடும்பத்தில் முதல் கார். "அண்ணாச்சி, இந்தக் கதவு மட்டும் வெயில்ல வேற மாதிரி தெரியுதே, ஏன்?" என்றார். பார்த்ததுமே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி, டியூப் லைட் வெளிச்சத்தில் நானே அடித்த கதவு. கையை வைத்துத் தடவினால் நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட்டுக்கு அடியில் ரவை மாதிரி நெருடியது. மேற்கே மலையிடுக்கில் புகுந்து வருகிற ஆடிக் காற்று தகரக் கொட்டகைக்குள் மண்ணை அள்ளிப் போடாமல் என்ன செய்யும்? ஜன்னல் ரப்பர் பீடிங் ஓரத்தில் நூல் கனத்துக்கு பெயின்ட் ஏறியிருந்தது. பீடிங்கைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்த வேலை. கழற்றி மாட்ட அன்றைக்கு நேரமில்லை.

உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? சொல்லிருந்தா சரின்னு எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார். அந்தப் பேச்சுதான் இந்த மடலை எழுத வைத்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஆலையில் வெறும் கூடாக இருக்கும்போதே பெயின்ட் அடித்து 140 டிகிரி போன்ற சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். ஒயரும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய வண்டியை அப்படிச் சுட முடியாது. நாங்கள் பெயின்ட்டை இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து அடிக்கிறோம். பெயின்ட் அடிப்பதற்கென்றே தூசி புகாமல் அடைத்த நல்ல பூத் இருந்தால் 60 டிகிரியில் காய வைக்கலாம். அது இல்லாத பட்டறையில் மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அந்த ஈரத்தின் மேலேயே மறுநாள் மினுமினுப்புக்காகச் செராமிக் கோட்டிங் என்கிற மேல்பூச்சைப் போட்டு அதற்கும் தனியாகக் காசு வாங்குகிறீர்கள். உள்ளே இருக்கிற தின்னர் வெளியேற வழியில்லாமல் மினுமினுப்பு மங்கும், கொப்புளம் கிளம்பும். மெட்டாலிக் நிறத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. ஸ்பிரே கன்னைப் பிடிக்கிற தூரமும் காற்றழுத்தமும் கொஞ்சம் மாறினாலே பெயின்ட்டில் இருக்கிற உலோகத் துகள் படிகிற விதம் மாறி, சாய்வாகப் பார்க்கும்போது வேறு நிறமாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் பார்த்து, பக்கத்துப் பாகத்திலும் கொஞ்சம் கலந்து அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியாது. உவரி, கூடங்குளம் பக்கம் போகிற வண்டி என்றால் இன்னும் பயம். தகரம் தெரியக் கீறின இடத்தில் அடிப்பூச்சான பிரைமர் சரியாக விழாவிட்டால் உப்புக்காற்று உள்ளே துருவைக் கிளப்பிவிடும்.

மறைத்தால் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆலைப் பெயின்ட்டின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). பள்ளத்தை நிரப்பப் பட்டி பார்த்த இடம் அதைப்போல் பல மடங்கு. தகரத்தில் அதைக் காட்டிக்கொடுக்கும் கையடக்க மீட்டர் இன்றைக்கு யாரும் வாங்கலாம். அமெரிக்காவில் 1990-ல் ஒரு டாக்டர் வாங்கிய புது பி.எம்.டபிள்யூ மறுபடி பெயின்ட் அடித்தது என்று ஒன்பது மாதம் கழித்து, மெருகு போடப்போன கடையில்தான் தெரிந்தது. பழுதுச் செலவு விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் சொல்ல வேண்டாம் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். வெறும் 601 டாலர் வேலை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலக் கோர்ட்டு கம்பெனிக்குப் போட்ட 20 லட்சம் டாலர் தண்டம் மிக அதிகம் என்று 1996-ல் தள்ளினார்களே தவிர, மறைத்தது சரி என்று சொல்லவில்லை. நம் நாட்டிலும் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குகிற பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்கிறது. அவர் தன் ஊரிலிருந்தே வழக்குப் போடலாம்.

கீறலைப் போட்டோ எடுத்து வாங்குகிறவரிடம் காட்டுங்கள். வேறு வண்டி வேண்டுமா, இதையே சரி செய்து தரவா என்று அவரே சொல்லட்டும். எந்தப் பாகம் அடித்தது, அதற்கு எத்தனை வருஷம் நீங்கள் பொறுப்பு என்று டெலிவரி தாளில் எழுதிக் கொடுங்கள். நாலு நாள் தள்ளிப்போனால் அடுத்த நல்ல நாள் பார்த்துக்கொள்வார்கள்.

களக்காட்டுக்காரரின் கதவைச் சுரண்டி, பீடிங்கைக் கழற்றி, மூன்று பகல் எடுத்துத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. இனிமேல் புது வண்டி வேலை என்றால் காலை பத்து மணிக்குள் அனுப்புங்கள், வாங்குகிறவர் கையெழுத்துப் போட்ட தாளோடு. தாள் இல்லாத வண்டியில் நான் கன்னைப் பிடிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
பேட்டையிலிருந்து ஒரு பெயின்டர்