பூங்காக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் கம்பி வலையும் கோரும் நான்காம் மனு

நாள்: 05.05.2025

அனுப்புநர்:
பேரூராட்சிப் பூங்காவைப் பராமரித்துவரும் தன்னார்வலர்கள்,
வாய்க்கால் பாலத் தெரு,
கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்காவிலுள்ள திறந்த கிணற்றில் விலங்குகள் தொடர்ந்து விழுந்து மடிவதைத் தடுக்கக் கைப்பிடிச் சுவரும் கம்பி வலையும் அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் மனுக்கள், நாள் 12.02.2024, 09.09.2024 மற்றும் 27.01.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாரச்சந்தைக்குப் பின்புறம், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இடது கைப்பக்கம் இருக்கும் நமது பூங்காவைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சென்ற ஆண்டு சுதந்திர தினத்தன்று அதன் வாசலருகே தாங்களே ஒரு மகிழங்கன்றை நட்டீர்கள். அது இப்போது இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. அந்தக் கன்றிலிருந்து முப்பது எட்டு நடந்தால் பழைய கமலைக் கிணறு வந்துவிடும். மூன்று மனுக்களிலும் எழுதியது அந்தக் கிணற்றைப் பற்றித்தான். இந்த நான்காவது மனுவும் அதைப் பற்றியதே. கீழ்க்காணும் செய்திகளைத் தாங்கள் கருணையோடு படித்துப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

1. நாங்கள் பதினேழு பேர். விடியலில் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்வரும் பெண்கள் ஆறு பேர், திராட்சை விவசாயிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் இதில் இருக்கிறோம். 2017 முதல் மாலை வேளைகளில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பை அள்ளுவதும் எங்கள் வழக்கம். நாவல், அத்தி, புங்கை, வேம்பு, சரக்கொன்றை என்று நட்டவை தழைத்த பின் அணிலும் கீரியும் உடும்பும் மரநாயும் மயிலும் இங்கே தங்க ஆரம்பித்தன. இதற்காக எந்த ஊதியமும் கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை.

2. கிணறு இருபத்திரண்டு அடி விட்டமும் ஏறக்குறைய நாற்பது அடி ஆழமும் உடையது. 2023 ஐப்பசியில் குப்பை அள்ள வந்த ஒப்பந்ததாரரின் டிராக்டர் பின்னால் எடுக்கும்போது இடித்ததில் கிழக்குப் பக்கச் சுவர் விழுந்தது. அடுத்த மாத மழையில் மீதியும் கரைந்து, இன்று மூன்று பக்கம் தரைமட்டமாகக் கிடக்கிறது. அதே சமயத்தில் குழாய் பதிப்பதற்காகத் தோண்டியபோது விலங்குகளின் தண்ணீர்த் தொட்டிக்குப் போன இணைப்பும் துண்டிக்கப்பட்டது. தொட்டி காய்ந்துவிட்டதால், தண்ணீர் வாசனை பிடித்து இரவில் வரும் உயிர்கள் எல்லாம் கிணற்றின் விளிம்புக்கே வருகின்றன. விளிம்பில் புல் மண்டிக் கிடப்பதால் தரை எங்கே முடிகிறது என்பது மனிதக் கண்ணுக்கே தெரிவதில்லை. ஓடி வரும் கீரிக்கு எப்படித் தெரியும்?

3. ஐயா, எங்களைத் தூங்கவிடாத துன்பம் இதுதான். காலையில் கதவைத் திறந்தவுடன் யாரும் செடிகளைப் பார்க்கப் போவதில்லை. முதலில் கிணற்றை எட்டிப் பார்க்கிறோம். எங்கள் நோட்டில் சென்ற பங்குனி மாதத்தில் மட்டும் எழுதியிருப்பதை இங்கே தருகிறோம். ஒரு கீரி, உயிருடன் எடுத்தது. ஒரு முயல், செத்து மிதந்தது. ஒரு சாரைப்பாம்பு, தீயணைப்பு வீரர்கள் வந்து எடுத்துச் சென்றது. ஒரு தாய் மரநாயும் அதன் இரண்டு குட்டிகளும். தாய் மட்டும் பிழைத்தது. நாட்டு நாய்க்குட்டி ஒன்று, இரவெல்லாம் கத்திவிட்டு விடியும் முன் அடங்கியது. அந்தக் கத்தலைக் கேட்டவர்கள் பாலத் தெருவில் பத்து வீட்டார் இருக்கிறார்கள். இருட்டில் சுவரில்லாத கிணற்றின் அருகே போகப் பயந்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கோடையில் தண்ணீர் முழங்கால் அளவே கிடப்பதால் விழும் விலங்கின் கால் எலும்பு முறிகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறியிருக்கும்போது எலும்பு முறிவதில்லை, ஆனால் ஏறி நிற்க ஒரு கல்கூட இல்லாமல் நீந்தி நீந்திக் களைத்து மூழ்குகிறது. அந்தக் காலத்தில் இறங்கி ஏறுவதற்கு வைத்திருந்த நீட்டுக் கற்கள் உடைந்து போய்விட்டன. சாக்கு சுற்றிய வடக்கயிற்றையும் தென்னை மட்டைகளையும் உள்ளே தொங்கவிட்டிருக்கிறோம். அதைப் பற்றிக்கொண்டு கீரி ஏறிவிடும், உடும்பு ஏறிவிடும். முயலால் ஏற முடியாது. மயில் குஞ்சால் ஏற முடியாது. ஏற முடியாதவற்றைக் கூடை இறக்கியும், செத்தவற்றைப் பாதாளக் கரண்டி போட்டும் எடுக்கிறோம். இப்படி இறங்கிய எங்களில் ஒருவர், அறுபத்தொரு வயதுக்காரர், கயிறு வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தார். இரண்டு முறை அழைத்தபோதும் முகம் சுளிக்காமல் வந்த தீயணைப்பு வீரர்களுக்கு இந்த மனுவிலேயே நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொரு முயலுக்கும் அவர்களை அழைக்க முடியுமா?

4. சென்ற புரட்டாசியில் நடந்ததை மட்டும் தனியாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஒரு பெண்மயில் ஐந்து குஞ்சுகளோடு வாய்க்கால் கரையிலிருந்து பூங்காவுக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை அந்த மயில் கிணற்றைச் சுற்றிச் சுற்றி அகவிக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு குஞ்சுகள் கிடந்தன. கூடை இறக்கி எடுத்தபோது ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. எடுத்த குஞ்சைப் புதரோரம் விட்ட பிறகும் அந்தத் தாய் இரண்டு நாள் கிணற்றடியை விட்டு நகரவில்லை. ஏலத்தோட்டத்திலிருந்து களைத்து வந்த எங்கள் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். 1963 முதல் மயில் நம் தேசியப் பறவை. மயிலும் உடும்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை ஒருவர் கொன்றால் சிறை. அரசுக்குச் சொந்தமான கிணறு வாரந்தோறும் கொன்றால் அதற்கு யார் பதில் சொல்வது?

மேகமலை 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாக ஆனபோது நாங்களும் மகிழ்ந்தோம். 2023 மே மாதம் அரிசிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களுக்குள் வந்தபோது 144 தடை உத்தரவும் கும்கி யானைகளும் எவ்வளவு விரைவாக வந்தன என்பதைத் தாங்களும் அறிவீர்கள். அது தேவையான செயலே. மலையிலிருக்கும் விலங்குக்கு ஒரு துறை இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் பேரூராட்சியைத் தவிர வேறு யாரிடம் போய்க் கேட்பது?

5. முதல் மனுவுக்கு நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்குப் பின் ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்து, தாளில் குறித்துக்கொண்டு போனார். மூன்றாவது மனுவின் நிலையைக் கேட்டபோது நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது என்றார்கள். என்ன நடவடிக்கை, ஐயா? ஒரு செங்கல் வைக்கப்பட்டதா? ஒரு முழம் கம்பி கட்டப்பட்டதா? முடிந்தது எங்கள் மனு மட்டும்தான். நாய்க்குட்டி கத்தியது அதற்கு அடுத்த மாதம்.

இடையில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. திராட்சைப் பந்தலில் கழித்துப் போட்ட கல்தூண்களையும் கம்பிகளையும் விவசாயிகள் இலவசமாகக் கொடுக்க, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்து கிணற்றைச் சுற்றி ஒரு வேலி கட்டினோம். அந்த வேலி நின்ற மூன்று வாரமும் ஒரு உயிர்கூட விழவில்லை. பிறகு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அரசு இடத்தில் அனுமதியின்றி அமைத்த கட்டுமானம் என்று சொல்லிப் பிரிக்கச் சொன்னார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எங்கள் கையாலேயே பிரித்தோம். தாங்களும் கட்டித் தரவில்லை, கட்டியதையும் இருக்கவிடவில்லை என்றால் நாங்கள் என்னதான் செய்ய வேண்டும் என்பதையாவது எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். இந்த வார்த்தைகள் கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும். ஒன்றரை ஆண்டாகச் செத்த உயிர்களை வெளியே எடுத்துப் புதைத்துவரும் கைகள் இதை எழுதுகின்றன.

6. குழந்தைகளின் பாதுகாப்பு என்று மட்டும் எழுதினால் வேலை விரைவில் நடக்கும் என்று சிலர் எங்களுக்கு யோசனை சொன்னார்கள். பள்ளி விடுமுறை நடப்பதால் அந்த ஆபத்தும் உண்மையானதே. பந்தை எடுக்கக் குனிந்த ஒரு சிறுவனைச் சென்ற வாரம்தான் சட்டையைப் பிடித்து இழுத்தோம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காக மாநிலமே இரவு பகலாக விழித்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் குழந்தை விழுந்தால்தான் கிணறு கண்ணில் படும் என்ற நிலை வேண்டாம். இன்று விழுந்துகொண்டிருப்பவற்றுக்காகவே கேட்கிறோம்.

7. நாங்கள் கேட்பது பெரிய வேலை அல்ல. கிணற்றைச் சுற்றி மூன்றரை அடி உயரக் கைப்பிடிச் சுவர். அதன் மேல் இரும்புச் சட்டத்தில் சிறு கண் கொண்ட கம்பி வலை, மோட்டார் இறக்க ஒரு கதவுடன். தண்ணீர்த் தொட்டிக்கு மறுபடியும் குழாய் இணைப்பு. பிளாஸ்டிக் வலை வேண்டாம், அதில் பாம்புகள் சிக்கிச் சாகும். சிமெண்ட் பலகை போட்டு முழுவதும் மூடிவிடவும் வேண்டாம், உள்சுவர்ப் பொந்துகளில் மைனாவும் மாடப்புறாவும் அடைகின்றன. மைனா போய்வர ஓரத்தில் ஓரிரண்டு இடைவெளி விட்டால் போதும். கிணற்றின் மேல் சாய்ந்திருக்கும் கருவேலங்கிளையையும் வெட்டிவிடக் கூடாது. தண்ணீருக்கு மேல் தொங்கும் அந்தக் கிளையில் தூக்கணாங்குருவிகள் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. கீழே வலை இருந்தால் தவறி விழும் குஞ்சையும் எடுத்து விடலாம். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கைச் செலுத்த ஆயத்தமாக இருக்கிறோம். பணமாகவும் உடலுழைப்பாகவும் தருவோம்.

காலம் குறைவாக இருக்கிறது, ஐயா. நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. தண்ணீர் தேடி வரும் விலங்குகள் இனித்தான் கூடும். வழக்கம்போல் ஜூன் மாதத்தில் முதல் போகத்துக்குப் பெரியாறு அணை திறந்தால் வாய்க்கால் ஓடும், கிணற்றில் ஊற்று ஏறும், கரை மண் இளகிவிடும். அதன் பின் அஸ்திவாரம் தோண்ட முடியாது என்று கொத்தனார்கள் சொல்கிறார்கள். ஆகவே இந்த மே மாதத்துக்குள் வேலையைத் தொடங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை நாங்கள் பிரித்து ஓரமாக அடுக்கி வைத்திருக்கும் அதே கல்தூண்களையும் கம்பிகளையும் தற்காலிகமாகக் கட்டிக்கொள்ள ஒரு வரி அனுமதிக் கடிதம் இந்த வாரமே கொடுத்தாலும் போதும். சுவர் வேண்டும், வலை வேண்டும். அது வரும்வரை அந்த வேலியாவது வேண்டும்.

தினமும் காலை ஆறரை மணிக்கு எங்களில் இருவராவது கிணற்றடியில் இருப்போம். அலுவலகம் செல்லும் வழியில் தாங்கள் பத்து நிமிடம் வந்து நேரில் பார்வையிடுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூங்காத் தன்னார்வலர்கள் பதினேழு பேர்
(கையொப்பங்கள் மறுபக்கம்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், கிணற்றின் புகைப்படங்கள், எங்கள் நோட்டின் நகல்.