விடையைச் சோதிக்கவும் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தர வகுப்புகளில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில், வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களுக்கு விஞ்ஞானம் பயிலச் செல்லும் நம் பிள்ளைகளின் பொருட்டு இதை எழுதுகிறேன். பௌதிகக் கணக்குகளைக் கணினி நிரல் மூலம் தீர்க்கும் கணினிப் பௌதிகவியல் எங்கே கற்பிக்கப்பட்டாலும், நிரலை எழுதி ஓட்டுவதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. திரையில் வரும் எண்ணை நம்பலாமா என்று சோதிக்கும் பயிற்சியே அதன் உயிர்நாடி.

வில்லில் கட்டிய திணிவு முன்னும் பின்னும் அலையும் எளிமை இசை இயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1 கிலோகிராம் திணிவு, மீற்றருக்கு 1 நியூற்றன் வில் மாறிலி, 0.1 செக்கன் நேரப்படி என வைத்து ஒவ்வொரு நேரப்படியின் தொடக்கப் பெறுமானங்களைக் கொண்டே அடுத்ததைக் கணிக்கும் ஒய்லர் முறையில் கணித்தால், ஒவ்வொரு படியிலும் மொத்தச் சக்தி சரியாக 1 சதவீதம் கூடும். ஏறக்குறைய ஒரு முழு அலைவுக்குரிய 63 படிகளில் அது 1.87 மடங்காகிவிடும். உராய்வற்ற வில்லுக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? நிரலில் பிழை இல்லை, கணினியும் எச்சரிக்காது, வரைபும் அழகாகவே இருக்கும். பழைய வேகத்துக்குப் பதிலாக, அப்போதுதான் கணித்த புதிய வேகத்தைக் கொண்டு இடப்பெயர்ச்சியைக் கணிக்குமாறு ஒரே ஒரு வரியை மாற்றினால், சக்தி சிறிதளவு ஏறி இறங்குமே தவிரப் பெருகிக்கொண்டு போகாது. அதன் காரணத்தை மாணவர் தாமே தாளில் நிறுவிப் பார்த்துவிட்டால், சக்திக் காப்பு விதி அவர் கையில் உரைகல்லாகிவிடும்.

1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மக்களுக்கு வானிலைக் கணிப்பின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1961 இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வேட் லோரன்ஸ், தமது வானிலை மாதிரியில் 0.506127 என்பதை 0.506 எனச் சுருக்கிக் கொடுத்தபோது, சில காலத்தின் பின் முற்றிலும் வேறான வானிலையே கணினியிலிருந்து வந்தது. தசம தானங்கள் பற்றிய பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

நிரல் எழுத உதவும் பைதன் மொழி இலவசமாகக் கிடைக்கிறது. இத்தகைய பயிற்சிகளுக்குப் பழைய மடிகணினியே போதும். ஆகவே வசதிக் குறைவைக் காரணம் காட்ட முடியாது. நிரலை மனனம் செய்து விடைத்தாளில் எழுதினாலே புள்ளி கிடைத்துவிடும் பரீட்சை முறைதான் தடை என்பது என் எண்ணம். மாணவர் தாம் எழுதிய நிரலை விரிவுரையாளர் முன் ஓட்டி, நேரப்படியைப் பாதியாக்கினால் வழு எவ்வளவு குறையும் என முன்கூட்டியே சொல்லி, அதைக் காட்டி விளக்குவதற்குப் பாதிப் புள்ளிகளையேனும் ஒதுக்குமாறு பாடத்திட்டம் வகுப்போரைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாம் ஆண்டிலாவது அந்த விளக்கத்தைத் தமிழிலும் சொல்ல இடமளித்தால், ஆங்கிலத்தில் தடுமாறும் கிராமத்துப் பிள்ளையின் சிந்தனையும் விரிவுரையாளருக்குத் தெரியவரும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.