பிக்கப் வண்டியில் விற்ற பாட்டு

டென்வர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி வருகிறது என்று படித்ததில் நிம்மதி. ஆனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு ஹூஸ்டன் ரோடியோவுக்கு, அந்தக் கவ்பாய்களின் சவாரிப் போட்டிக்குப் போய் அத்தனை படி ஏறியிருக்கிறாய். வைதேகி திட்டியது நியாயம்தான், நான் அவள் கட்சி. இங்கே சுமதி வேலையை விட்டுவிட்டாள். நான் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்றிருக்கிறேன்.

"எட்டு நொடி குதிரையில் உட்காருவதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று கேட்டிருக்கிறாய். சேணமே இல்லாத குதிரை என்பதைக் கவனித்தாயா, இல்லையா? முதுகில் கட்டிய தோல்பட்டையில் சூட்கேஸ் கைப்பிடி மாதிரி ஒன்று இருக்கும். அதை ஒரு கையால் மட்டும் பிடிக்கலாம். இன்னொரு கை குதிரை மேல் பட்டால் ஆட்டம் போச்சு. முதல் துள்ளலில் குதிரையின் முன்னங்கால் தரையைத் தொடும்போது, ஆளின் குதிமுள், அதாவது பூட்ஸின் குதிகாலில் இருக்கும் முள், அதன் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதி ஆளுக்கு, பாதி குதிரைக்கு. இதற்குச் சம்பளமும் கிடையாது. நுழைவுக் கட்டணம் கைக்காசு, பெட்ரோலும் கைக்காசு. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிப் போய் விழுந்தால் வெறுங்கையோடு அடுத்த ஊர்.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், போனில் ஒருமுறை சொன்னேனே கிறிஸ் லெடூ, ரோடியோ வீரராகவும் பாடகராகவும் இருந்தவர், அந்த ஆளின் பாட்டெல்லாம் இந்தப் பண முடையில் பிறந்தவை. 1948-ல் மிசிசிப்பியில் பிறந்தவர். அப்பா விமானப்படைக்காரர், அதனால் ஊர் ஊராக மாறி வளர்ந்த பிள்ளை. ரோடியோவுக்கு அலைகிற செலவைச் சமாளிக்கத்தான் அந்த வாழ்க்கையையே பாட்டாக எழுத ஆரம்பித்தார். 70-களின் தொடக்கத்தில் தகப்பனும் மகனுமாகச் சேர்ந்து 'அமெரிக்கன் கவ்பாய் சாங்ஸ்' என்று ஒரு பாட்டுக் கம்பெனி. ஒரு நண்பர் வீட்டின் நிலவறையில் ஒலிப்பதிவு. விற்பனை? ரோடியோ மைதானத்தில், பிக்கப் வண்டியின் பின்புறத்தில். 1982-க்குள் அவருடைய ஆல்பங்கள் இரண்டரை லட்சம் பிரதிக்கு மேல் போய்விட்டது, விளம்பரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல். 80-கள் முடிவதற்குள் 22 ஆல்பம்.

நடுவில் 1976-ல் சேணமில்லாக் குதிரைச் சவாரியில் உலக சாம்பியன் ஆனார். பாட்டுக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு என்ன இருக்கிறது! கேட்கிறவனும் அதே மைதானத்தில் விலா எலும்பை உடைத்துக்கொண்டவன். பாடுகிறவன் கதை விடுகிறானா என்று அவனுக்கு ஒரு வரியில் தெரிந்துவிடும்.

உன் பையன் அருண் பாட்டுக் கம்பெனிகளுக்கு டெமோ அனுப்பிக்கொண்டே இருக்கிறான், பதில் வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாயே, அதற்குத்தான் வருகிறேன். லெடூவைக் கம்பெனிக்காரர்கள் தேடி வந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். இதைப் பெரிய கலகம் மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதானே கம்பெனியின் வேலை? அவருடைய ஜனம் தானாகவே அதே மைதானத்துக்கு வந்து நின்றது. நம் அருண் யாருக்குப் பாடுகிறான் என்று ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பார். சொந்தக் கம்பெனி தொடங்குகிறேன் என்று அவன் கிளம்பினால் ஒன்று மட்டும் நினைவில் வை: பார்சல் கட்டப்போவது நீயும் வைதேகியும்தான். லெடூவின் கதையில் அவர் அப்பாவின் உழைப்பைப் பற்றி யாரும் ரொம்பப் பேசுவதில்லை.

காயங்களோடு 1980-ல் ரோடியோவை விட்டுவிட்டு, வயோமிங் மாநிலத்தில் கேசி என்கிற ஊர்ப்பக்கம் பண்ணையில் குடியேறினார். முன்னூறு பேர்கூட இல்லாத ஊர். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் அவரை அறியாதவர் இல்லை, வெளியே அவ்வளவாகத் தெரியாது. அப்புறம் 1989-ல் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் தன் முதல் பாட்டிலேயே, தேய்ந்துபோன கிறிஸ் லெடூ கேசட் என்று ஒரு வரி வைத்தார். பாட்டு கன்ட்ரி பாட்டுத் தரவரிசையில் முதல் பத்துக்குள் போனது. யாரப்பா இந்த லெடூ என்று நாடே கேட்டது. 1991-ல் லிபர்ட்டி கம்பெனி மூலம் அவருடைய ஆல்பம் வந்தது, அடுத்த வருஷம் கார்த்தோடு பாடிய டூயட்டும் முதல் பத்துக்குள்.

விலை போய்விட்டார் என்று முணுமுணுப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. நாற்பது தாண்டி, ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தேடி வந்ததை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதானே? ஆனாலும் காரில் நான் போடுவது பழைய ஆல்பங்களைத்தான். குரல் அப்படியொன்றும் பெரிய குரல் இல்லை, வாத்தியமும் சுமார். இருந்தாலும் எழுதியவனே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். மேடையில் அவர் இயந்திரக் காளை மேல் ஏறிச் சவாரி செய்ததும் வாணவேடிக்கை விட்டதும், என்னைக் கேட்டால், கொஞ்சம் ஓவர். ஆனால் ஜனத்துக்கு அது பிடித்திருந்தது.

2000-ல் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருகிறேன் என்று கார்த் முன்வந்தார், அது பொருந்தவில்லை, வேறொருவருடையது கிடைத்தது. 2005 மார்ச்சில் புற்றுநோயில் போய்விட்டார், வயது 56. அப்பாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த மகன் நெட் இப்போது சொந்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்.

ஜூலைக் கடைசியில் வயோமிங்கின் ஷையன் நகரில் பெரிய ரோடியோ நடக்கும், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. வைதேகியையும் கூட்டிக்கொண்டு வா. அப்படியே வடக்கே கேசி வரை போய்வரலாம். அங்கே பூங்காவில் குதிரையோடு அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். வண்டி நான் ஓட்டுகிறேன், பாட்டும் நான்தான் போடுவேன். தேதியை மட்டும் சீக்கிரம் சொல், அந்தச் சமயத்தில் அங்கே ஓட்டல் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

அன்புடன்,
ராமு