ஒளித்து வையுங்கள், காற்றுக்கு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவையில் 22 வருடமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். பழைய புல்லட்டை கஃபே ரேசராக, அதாவது அந்தக்காலப் பந்தய பைக் மாதிரி, மாற்றும் தம்பிகள் பேட்டரி, ரிலே, ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் கரண்டை அளவாக்கும் பாகம்) எதுவும் கண்ணில் படக்கூடாது என்கிறார்கள். அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் போன மாதம் வந்த ஒரு வண்டியில் ரெகுலேட்டரை ரெக்சினில் சுற்றி சீட்டுக்கடியில் திணித்திருந்தார்கள். சூடு போக வழியில்லை. ஒயர்களை இணைக்கும் கப்ளர் உருகி, சிவப்பு ஒயரும் பச்சை ஒயரும் ஒட்டிக் கிடந்தன. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க்! பியூஸும் இல்லை.

பேட்டரியை ஒளித்து வையுங்கள். ரெகுலேட்டரை மட்டும் காற்றுபடும் இடத்தில், இரும்போடு ஒட்டி முடுக்குங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் போடுங்கள். தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியைப் படுக்கவைக்காதீர்கள், ஆசிட் வழிந்து சேசிஸை அரித்துவிடும்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், கோவை