இரண்டாவது செட்டையும் பிரித்துவிடு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. "அப்பா, இதை எப்படி ஆன் பண்றது?" என்று கீழே ஒரே ஒரு வரி. இவ்வளவு நாள் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு வந்த வரி. பரவாயில்லை, கேட்டாயே. ஆயுசு முழுக்க வயர்லெஸ் அறையில் உட்கார்ந்தவனிடம் வாக்கி-டாக்கி பற்றிக் கேட்க, பெற்ற பெண்ணுக்கு இப்போதுதான் தோன்றியிருக்கிறது.

போனில் சொன்னால் பாதியில் "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்.

முதல் விஷயம்: ஆன்டெனாவை மாட்டாமல் பக்கவாட்டில் இருக்கும் பேசும் பட்டனை அழுத்தாதே. போட்டோவில் ஆன்டெனா தனியாகக் கிடக்கிறது. அது இல்லாமல் செட்டை ஆன் செய்து கேட்டால் ஒன்றும் ஆகாது. அழுத்தினால்தான் வம்பு. வெளியே போக வழியில்லாமல் சக்தி உள்ளேயே திரும்பி, கடைசிக் கட்டத்து டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். ஆன்டெனாவின் அடிப்பாகத்தைப் பிடித்துத் திருகு, நுனி ரப்பரைப் பிடித்து முறுக்காதே. கைக்கு இறுக்கமானால் போதும், குறடு எல்லாம் வேண்டாம். அப்புறம், ஆன்டெனாவைப் பிடித்துச் செட்டைத் தூக்காதே. உனக்குக் குடையைக்கூடக் கம்பியைப் பிடித்துத் தூக்கித்தான் பழக்கம்.

அடுத்தது பேட்டரி. புதுசு முழு சார்ஜோடு வராது. செட்டின் முதுகில் வைத்துத் தள்ளினால் 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம், நடக்கும்போது கழன்று விழும். செட்டை ஆஃப் செய்துவிட்டுச் சார்ஜர் தாங்கியில் நிறுத்து. விளக்கு பொதுவாகச் சிவப்பில் ஆரம்பித்து, முழுதாக ஏறியதும் பச்சையாகும். அவசரப்பட்டு நடுவில் எடுக்காதே. விளக்கு எரியவே இல்லையென்றால், பேட்டரியின் பின்பக்கம் இருக்கும் பித்தளை நிறப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி வை. புதுப் பேட்டரியில் சில சமயம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரிக்க மறந்துவிட்டு செட் கெட்டுவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது லித்தியம் அயான் வகை. நீ போகிற மலைகளில் பனி இருக்கும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது, பேட்டரி உள்ளுக்குள் கெட்டுவிடும். குளிரில் சீக்கிரம் தீர்ந்தும் போகும். நடக்கும்போது கோட்டுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கும் சொல், அவர் எல்லாவற்றையும் பையின் வெளிப்பக்கம் தொங்கவிடுகிறவர்.

உன் போட்டோவில் ஒரு செட்தான் வெளியே இருக்கிறது. இன்னொன்று கவருக்குள்ளேயே, ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் இருக்கிறது. அம்மா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நேரம் இருந்திருக்காது என்றேன். இரண்டையும் பிரித்துவிடு பாப்பா. இரண்டு பேட்டரியையும் சார்ஜில் போடு.

இப்போது சட்டம். பெட்டியில் 5 வாட் என்று போட்டிருக்கிறது, ஆன்டெனாவும் கழற்றுகிற வகை. நீயோ வேலைக்காக நாடு நாடாகச் சுற்றுகிறாய், அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் லைசென்ஸ் இல்லாமல் பேச 446 மெகாஹெர்ட்ஸில் 16 சானல் கொடுத்திருக்கிறார்கள், சக்தி அரை வாட்தான். அமெரிக்காவில் எஃப்.ஆர்.எஸ். என்று 22 சானல், அதிகம் போனால் 2 வாட். இரண்டிலுமே ஆன்டெனா செட்டோடு ஒட்டியே வர வேண்டும். ஆக, உன்னுடையது அந்த வகை கிடையாது. பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவர்களுக்குக் கொடுக்கும் அமெச்சூர் லைசென்சோ வேறு அனுமதியோ வேண்டியிருக்கும். சில நாடுகளில் கையில் வைத்திருக்கவே அனுமதி கேட்பார்கள். ஒரு நாட்டில் பொதுச் சானலாக இருப்பது இன்னொரு நாட்டில் வேறு யாருக்கோ ஒதுக்கியதாக இருக்கும். விமானம் ஏறும்போது இதையும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதே. தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிவிடு. உனக்கு அது ஒரு விஷயமா? ஓம் விதியைச் சொல்லிக்கொண்டே வேனில் ஏறிய பெண் நீ. அனுமதி வரும்வரை பேசும் பட்டனைத் தொடாதே. முடியாது, உடனே வேண்டும் என்றால் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கே பொதுவில் அனுமதிக்கிற சின்னச் செட்டை வாங்கிக்கொள். 5 வாட் பெருமை எல்லாம் அட்டைப்பெட்டியில்தான்.

அனுமதி சரி என்றான பிறகு, மேலே இருக்கும் குமிழை வலப்பக்கம் திருப்பு. ஒரு சொடுக்கில் ஆன் ஆகும், அதே குமிழ்தான் சத்தத்துக்கும். ஸ்குவெல்ச் என்று மெனுவில் ஒன்று இருக்கும், இரைச்சலை அடக்குவதற்கு. அதை 0 வைத்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக ஏற்று. இரைச்சல் எங்கே அடங்குகிறதோ அங்கேயே நிறுத்து. அமைதியாக இருக்கட்டும் என்று 8, 9 வரை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரைச்சலோடு சேர்த்து, தூரத்திலிருந்து மெலிதாக வருகிற குரலும் போய்விடும். எதிரில் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், உன் செட் ஊமையாக இருக்கும். மானிட்டர் பட்டன் இருந்தால் அதை அழுத்திப் பிடி. ஸ்குவெல்ச் திறந்துகொள்ளும், இரைச்சலுக்குள் குரல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கலாம். என் வேலையில் பாதி அதுதான்.

இரண்டு செட்டிலும் ஒரே சானல் வை. டோன் என்று ஒன்று உண்டு, 88.5 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று எண்கள் ஓடும். ஆரம்பத்தில் இரண்டிலும் அதை ஆஃப் செய்துவிடு. ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால், பேசுவது ஒரு பக்கம்தான் கேட்கும். முக்கால்வாசிப் பேர் 'செட் ரிப்பேர்' என்று கொண்டுவருவது இந்தக் கோளாறுதான். பெட்டியில் இதற்கு 'பிரைவசி' என்று பேர் போட்டிருப்பான், நம்பாதே. மற்றவர் பேச்சு உன் காதில் விழாமல் தடுக்குமே தவிர, உன் பேச்சை யாரும் கேட்கலாம். வீட்டு விஷயம் எதையும் அதில் பேசாதே.

வாக்ஸ் என்று, பட்டனை அழுத்தாமலே சத்தம் கேட்டதும் தானாக அனுப்புகிற வசதி இருந்தால் அணைத்துவிடு. காற்று அடித்தாலே செட் பேச ஆரம்பித்துவிடும்.

பேசும் முறை உனக்குத் தெரியும், சின்ன வயதில் என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டதுதானே. இருந்தாலும் சொல்கிறேன். பட்டனை அழுத்தி ஒரு விநாடி பொறு. வாயிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சாதாரணக் குரலில் பேசு. முடித்ததும் 'ஓவர்' சொல்லிப் பட்டனை விடு. ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்குவது மாதிரிதான், இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் இருவருக்கும் எதுவும் கேட்காது. நீங்கள் இருவருமே ஒரே நேரத்தில் பேசுகிறவர்கள். கல்யாணமான புதிதில் போனை ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் மாறி மாறிக் கத்துவீர்களே, அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

செக் செய்யும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, வீல் என்று அலறும். ஒருவர் வீட்டுக்குள், ஒருவர் தெருக்கோடியில். அனுப்பும்போது விளக்கு சிவப்பு, வாங்கும்போது பச்சை. ஆள் இல்லாவிட்டாலும் ஒன்றை மேசையில் வைத்து இன்னொன்றை அடுத்த அறையில் அழுத்தி, பச்சை எரிகிறதா என்று பார்த்துவிடலாம். ஆனால் குரல் தெளிவாக இருக்கிறதா, உடைகிறதா என்று சொல்ல இன்னொரு காது வேண்டும். அதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது.

எத்தனை கிலோமீட்டர் போகும் என்று அடுத்துக் கேட்பாய். அட்டையில் போட்டிருக்கும் கணக்கு ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு உச்சிக்கு, நடுவில் ஒன்றுமே இல்லாதபோது. காட்டுக்குள் இரண்டு பேர் தரையில் நின்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனால் நல்லது. நடுவில் ஒரு முகடு வந்தால் அதுவும் இல்லை. இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகிறவை. கேட்காவிட்டால் கத்தாதே, மேடாகப் பார்த்து ஏறு. ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடி. இடுப்பில் மாட்டியிருந்தால் உன் உடம்பே பாதியைக் குடித்துவிடும்.

நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணிக்கும் முதல் ஐந்து நிமிடம் இருவரும் ஆன் செய்து கேட்பது, மற்ற நேரம் அணைத்து வைப்பது. பேட்டரி மிச்சமாகும். அமெரிக்க அமெச்சூர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு, காலை 7 மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 146.52 மெகாஹெர்ட்ஸில் ஐந்து நிமிடம் காது கொடுப்பார்கள். விசில் ஒன்றும் கழுத்தில் இருக்கட்டும். மலையில் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதினால் ஆபத்து என்று புரிந்துகொள்வார்கள்.

வீட்டுச் செய்தி எழுத நினைத்தேன். சின்ன அத்தை வந்துவிட்டுப் போனாள். அவள் கேட்டதற்கு, நீ போன தடவை சொல்லச் சொன்னதையே அம்மா சொல்லிவிட்டாள். மற்றதை அப்புறம் எழுதுகிறேன். ஆன்டெனா இல்லாமல் அழுத்தாதே.

இன்னொன்று. இந்த செட், எதிரில் அதே சானலில் ஒருவர் ஆன் செய்து வைத்துக்கொண்டு இருந்தால்தான் உதவும். ஒற்றை ஆளாக மலைக்குப் போகிறவர்களுக்கு இது சுமை. அவர்களுக்கு வேறு கருவி இருக்கிறது: 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன். உள்ளங்கை அளவுதான். ஆபத்தில் ஆன்டெனாவை நீட்டி அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக்காரர்களுக்குப் போய்விடும். 1982-லிருந்து காஸ்பாஸ்-சார்சாட் என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கிற ஏற்பாடு. போன் சிக்னலும் வேண்டாம், எதிரில் ஆளும் வேண்டாம். பேட்டரி குறைந்தது 24 மணி நேரம் அனுப்பும். உனக்கு எது தேவை என்று எனக்குத் தெரியவில்லை. செட் போதும் என்றால் செட் என்று எழுது, பீக்கன் வேண்டும் என்றால் பீக்கன் என்று எழுது. ஒரு வார்த்தை போதும். காரணம் எழுத வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்க விட மாட்டேன். எதுவானாலும் பணம் நான் அனுப்புகிறேன், மறுக்காதே.

பீக்கன் வாங்கினால் உன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள யார் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் நம்பரை எழுது. நாட்டுக் குறியீடு விட்டுப்போகாமல் முழுதாக எழுது. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

பேட்டரி விளக்கு பச்சையானதும் சொல்.

அப்பா