பைப் மேஜர் டெரி லீ அவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கிளாஸ்கோவில் நடக்கும் உலக பைப் பேண்ட் (பேக்பைப் குழு) போட்டியில், நீங்கள் பைப் மேஜராக, அதாவது குழுத் தலைவராக, இருந்த கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகக் குழு 1995, 1996, 1999, 2001, 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றதை வைத்தே உங்களைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். நாகசுரம் கேட்டு வளர்ந்த எனக்கோ, குழு வட்டமாக நின்று வாசிக்கும் போட்டி இடத்துக்குள் நுழையும் முன் நீங்கள் செய்த சுருதி சேர்க்கும் வேலைதான் பெரிய வியப்பு.

பேக்பைப்பில் ஒன்பது சுரங்களே உண்டு. தோல்பையிலிருந்து காற்று இடைவிடாமல் பாய்வதால் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒரே சுரத்தை இருமுறை வாசிப்பதற்குக்கூட நடுவே ஒரு நொடிப்பொழுதுச் சுரத்தைச் செருகித்தான் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு கருவியில் பாட்டுக் குழலுக்கு ஒன்று, சுருதிக் குழல்களுக்கு மூன்று என நான்கு சீவாளிகள் (காற்றில் அதிர்ந்து ஒலியெழுப்பும் நாக்குகள்) இருப்பதால், இருபது பேர் நின்றால் எண்பது சீவாளிகள் ஆகின்றன. வாசிக்க வாசிக்க மூச்சின் ஈரமும் வெப்பமும் ஏறி ஒவ்வொன்றும் தன் போக்கில் நகரும். ஒரு சுரம் தூக்கலாக ஒலித்தால், அந்தத் துளையின் மேல்விளிம்பில் ஒட்டியுள்ள நாடாவை மயிரிழை அளவு கீழே இறக்க வேண்டும். எங்கள் ஊரில் நாகசுரத்துக்குச் சுருதியாக ஒத்து ஊதுபவர் ஒருவர் விலகினாலே முகம் சுளிப்போம். நீங்கள் அத்தனை குழல்களையும் ஒரே குழலாக ஒலிக்க வைத்தீர்கள்.

1981 முதல் 2013 வரை, தம்பி ஜாக் பைப் சார்ஜென்டாக, அதாவது உங்களுக்கு அடுத்த நிலையில், துணை நிற்க, ஒரே குழுவை வழிநடத்தினீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளியுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவில் தேர்ந்த வாசிப்பாளர்கள் தாமாக வந்து சேர மாட்டார்கள் என்பதால், ராபர்ட் மால்கம் நினைவுக் குழு என்ற இளையோர் குழுவின் வழியாகச் சிறுவர்களைப் பயிற்றுவித்து வளர்த்தெடுத்தீர்கள். பட்டங்களைவிட இதையே நான் மேலாக மதிக்கிறேன். 2002 முதல் 2007 வரை பட்டம் கைகூடாதபோதும் குழு கலையாமல் இருந்து மீண்டும் வென்றதற்கு, கீழேயிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தது முக்கியக் காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. (1998இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில், நான்கு சுவர்களுக்குள், திறந்தவெளிக் கருவியை வாசித்த துணிச்சலைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

ஒரு வேண்டுகோள் உண்டு. இசைத்தட்டுகளில் எங்களுக்குக் கிடைப்பது முடிந்த ஒலி மட்டுமே. வரிசையில் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும்போது உங்கள் காது முதலில் எதைத் தேடும், எந்தச் சுரத்தில் தொடங்கி எந்தச் சுரத்தை இறுதியாகத் திருத்துவீர்கள் என்பதை, கற்கும் பிள்ளைகளுக்காக விரிவாக எழுதித் தர வேண்டும்.

அன்புடன்,
ஒரு ரசிகன்