பாஸ் வாங்காதே, பெட்டியை அள

ஒசாகா

அன்புள்ள நண்பா,

மகளுக்குக் கல்லூரி முடிந்ததும் மூன்று பேருமாக ஜப்பான் வருகிறோம் என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூட்டுவலிக்குப் பயந்து எங்கும் கிளம்பாமல் இருந்தவனா நீ!

ரயில் பாஸ் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். வெளிநாட்டுப் பயணிகள் ஏழு நாள் ரயிலில் சுற்ற வாங்கும் பாஸ் முன்பு 29,650 யென். டோக்கியோவிலிருந்து ஒசாகா வந்து திரும்பினாலே போட்ட பணம் கிட்டத்தட்ட வந்துவிடும். 2023 அக்டோபரில் அதை 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோ, ஒசாகா, ஃபுகுவோகா என்று போகும் உங்கள் சுற்றுக்கு அது கட்டுப்படியாகாது.

டோக்கியோ–ஒசாகா நொசோமி என்ற வேகமான புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம். ஆளுக்கு 14,000 யென்னுக்கு மேல். நான் சொல்வது கொடாமா. அதே தண்டவாளம், அதே புல்லட் ரயில்தான், ஆனால் எல்லா நிலையத்திலும் நிற்கும்; நான்கு மணி நேரம் ஆகும். 'புராட்டோ கொடாமா' என்ற சலுகை டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் இரண்டு மூன்றாயிரம் யென் குறையும், குடிக்க ஒரு பானத்துக்கும் கூப்பன் தருவார்கள். வழியில் வேகமான ரயில்களுக்கு ஒதுங்கி நிற்கும்போது பக்கத்தில் நொசோமி பாய்ந்து போகும், நம் பெட்டியே ஒரு குலுங்கு குலுங்கும். ஷின்-ஃபுஜியில் வேறு நிற்கும். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையை நிதானமாகப் பார்க்கலாம். வலப்பக்கம் 'ஈ' இருக்கையை மகளுக்குக் கொடு.

ஒன்று மட்டும் கவனம். அந்த டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான். போன வருடம் டோக்கியோ நிலையத்தில் சாப்பாட்டுப் பெட்டி எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். மேலே ஏறினால் கதவு மூடிவிட்டது. முழுப்பணமும் போச்சு, புது டிக்கெட் எடுத்துத்தான் வீடு வந்தேன். பெட்டியில் இருந்த விலாங்கு மீன் ருசியாக இருந்தது என்பது வேறு விஷயம்.

இரவுப் பேருந்து இன்னும் மலிவு, ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். ஆனால் எட்டு ஒன்பது மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து உன் முட்டி என்ன ஆகும்? நாம் இருபது வயதுப் பையன்கள் இல்லையடா.

ஒசாகாவிலிருந்து ஃபுகுவோகாவுக்கு சகுரா என்ற புல்லட் ரயிலில் முன்பதிவு செய். வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக இல்லாமல் இரண்டிரண்டு இருக்கைதான், தாராளமாக உட்காரலாம். அங்கிருந்து டோக்கியோ திரும்ப மட்டும் மலிவு விமானம். ரயிலென்றால் ஐந்து மணி நேரம், 20,000 யென்னுக்கு மேல். ஃபுகுவோகா விமான நிலையம், அந்த ஊரின் ரயில் நிலையமான ஹகாட்டாவிலிருந்து மெட்ரோவில் இரண்டே நிறுத்தம். மலிவு விமானம் பெரும்பாலும் டோக்கியோவுக்கு வெளியே உள்ள நரிட்டா விமான நிலையத்தில்தான் இறக்கும், அங்கிருந்து ஊருக்குள் போக சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அப்புறம், உன் மனைவியின் அந்தப் பெரிய பெட்டி இன்னும் இருக்கிறதா? நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் ரயிலில் அதற்கென்று உள்ள இருக்கையைப் பதிவு செய்ய வேண்டும். இன்றே அளந்து எழுது.

உன்,
பழைய அறைத்தோழன்